ஸ்கெல்பிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள்

க்ளிஃப் ஸ்கெல்பிக்கு உயிரோடு இருக்கும் மனிதர்களைவிடச் செத்தவர்கள் மேல்தான் கொள்ளைப் பிரியம். அதிலும் ஸ்கெல்பி என்ற குடும்பப் பெயரோடு செத்திருந்தால் போதும். முன்பின் தெரியாத ஆளுக்காக மூன்று மணி நேரம் ரயிலில் போய், மழையில் மண்டியிட்டு, கல்லறைப் பாசியைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். ஹல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியது பிழைப்புக்கு. மற்ற நேரமெல்லாம் பெயர் தேடல்.

இந்தப் பைத்தியம் அவருக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் இதற்கென்று ஒரு சங்கமே உண்டு. ஆளுக்கொரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் பிறந்தவன், கட்டிக்கொண்டவள், செத்தவன் என்று உலகம் முழுக்க ஒருவர் விடாமல் தேடி அட்டையில் எழுதி வைப்பார்கள். க்ளிஃப் நூலகத்தில் உட்கார்ந்து நாட்டிலுள்ள அத்தனை டெலிபோன் டைரக்டரிகளையும் புரட்டி, இருநூற்றுப் பதினான்கு ஸ்கெல்பிகளைப் பிடித்திருந்தார். பின்கட்டு அறைச் சுவரில் பெரிய வரைபடம். ஒரு வீட்டுக்கு ஒரு சிவப்புக் குண்டூசி. ஹல்லிலும் கிரிம்ஸ்பியிலும் மொய்த்துக் கிடக்கும். பழைய பஞ்சாலை ஊர்களில் நாற்பது, லண்டனில் ஒரு கொத்து, கார்ன்வாலின் கடைக்கோடியில் யாரோடும் ஒட்டாமல் ஒன்று. கனடாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் தனித்தாள்.

வரைபடத்தில் ஒரு இடம் மட்டும் மொட்டையாக இருக்கும். லிங்கன்ஷயர் குன்றுகளுக்கு நடுவே ஸ்கெல்பி என்ற கிராமம். பெயர் பிறந்த ஊரே அதுதான். அங்கேயும், சுற்றிப் பத்து மைலுக்கும் ஒரு ஊசிகூடக் கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும், டீ வருவதற்கு முன்பே க்ளிஃப் அதை விளக்க ஆரம்பித்துவிடுவார். சொந்த ஊரில் இருக்கிறவனை யாராவது ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா? ஊரை விட்டு வேறெங்கோ போனவனைத்தான் 'அந்த ஸ்கெல்பிக்காரன்' என்பார்கள். அதுவே அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஊர்ப் பெயர் ஊரில் இருக்காது, அது இயற்கை என்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொள்வார்கள்.

1991-இல் க்ளிஃப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி அவ்ரில், தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் ஊர் வாரியாகக் கடிதம் பிரித்தவள். அவளுக்குச் செத்தவர்கள் மேல் அப்படியொன்றும் பிரியம் இல்லை. ஆனால் டாஸ்மேனியாவிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் ஸ்கெல்பிகளின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்க அவளால் முடியாது. அப்படித்தான் க்ளிஃபின் அட்டைகள் இருந்த பெட்டிகள் அவள் கைக்கு வந்தன.

ஒரே மகன் நேதன். முப்பத்துநாலு வயது, லீட்ஸில் தச்சு வேலை. கல்யாணம் ஐந்து வருஷத்தில் முறிந்தது. முறிந்ததோடு அவனும் கொஞ்சம் முறிந்துதான் போனான். தொண்ணூற்றுமூன்று ஜனவரியில் யாரிடமும் சொல்லாமல் ஸ்கெல்பியில் ஒரு சின்னக் கல்வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டான். வீட்டில் போன் இல்லை. ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் சிவப்பு டெலிபோன் கூண்டிலிருந்து கூப்பிடுவான்.

குரலே மாறியிருந்தது. ஊர்க்காரர்கள் கதவைத் தட்டி முட்டை கொடுக்கிறார்களாம், தோட்டத்து ருபார்ப் தண்டு கொடுக்கிறார்களாம், ஆட்டுத் தொடைகூட வந்ததாம். வேலைக்கும் பஞ்சமில்லையாம். "வாழ்க்கையில முதல் தடவையாம்மா," என்று ஒரு நாள் சொன்னான். "பேரு சொன்னதும் யாரும் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லல. 'ஆ, வந்துட்டீங்களா'ன்னாங்க." அவ்ரிலுக்கு அதைக் கேட்டுக் கண் கலங்கியது. க்ளிஃப் இருந்திருந்தால் நாலு வீடு கேட்கும்படி சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு பேசும்போது, அடுத்த வாரம் எல்லை நடை இருக்கிறது என்றான் நேதன். இதில் அவளுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஈஸ்டர் கழிந்து ஐந்தாம் ஞாயிறு பழைய ஊர்களில் பாதிரியாரோடு ஊரே கிளம்பி, எல்லைக் கற்களைக் கோலால் தட்டிக்கொண்டு சுற்றி வரும். ஸ்கெல்பியில் அதற்கு ஒரு வரிசை உண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம். மாவுமில் வீட்டுக்கும் கொல்லன் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு நடப்பார்களாம். அந்த இடத்தில் இவனை நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய மரியாதை என்றான்.

எல்லை நடைக்கு முந்தின நாள் சனிக்கிழமைதான் அவ்ரில் 'வழிதவறியவர்கள்' பெட்டியைத் திறந்தாள். குடும்பம் வசித்த ஊர் ஒன்றாகவும் செத்த ஊர் வேறாகவும் இருந்தால் அந்த அட்டையைச் சங்கத்துக்காரர்கள் தனியாகப் போட்டுவிடுவார்கள். குடும்பத்து மரத்தில் எங்கே ஒட்டுவது என்று தெரியாத அட்டைகள். க்ளிஃப் அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கிவைத்துவிட்டு மறந்துபோயிருந்தார். டொரொன்டோவிலிருந்து ஒருத்தி தன் பாட்டனின் அண்ணனைக் கேட்டு எழுதியிருந்தாள். அவரைத் தேடும்போதுதான் அவ்ரிலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. பெட்டியில் இருந்த நாற்பது அட்டைகளில் பதினொன்றில் செத்த இடம் ஒன்றே. ஸ்கெல்பி.

அவள் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் பிரித்து அடுக்கும். ஆண்டை விட்டுவிட்டு மாதத்தின்படி பிரித்தாள். பன்னிரண்டு குவியல் விழும் என்று மேஜையில் இடம் ஒதுக்கியிருந்தாள். இரண்டுதான் விழுந்தன. 1818 ஏப்ரல் 26, ஹல்லிலிருந்து வந்த கப்பல் தச்சன். 1886 மே 30, தொப்பி செய்கிறவன். 1913 ஏப்ரல் 27, பள்ளி வாத்தியார். 1951 ஏப்ரல் 29, கனடாவில் கோதுமை விளைவித்துவிட்டுப் 'பூர்வீகம் பார்க்க' வந்தவன். இருபத்தேழிலிருந்து ஐம்பத்திரண்டு வயதுக்குள் எல்லோரும். எல்லோரும் அந்த ஊருக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகாதவர்கள். எல்லோரும் தூக்கத்தில்.

தேதிகள் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடந்ததால்தான் க்ளிஃப் முப்பது வருஷமாகக் கவனிக்கவில்லை. அவ்ரில் ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும், வருஷாவருஷம் மாறும் ஈஸ்டர் தேதிகளின் அட்டவணையை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தாள். நாலாவது அட்டை முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள். பிறகு பதினொன்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாமே ஈஸ்டர் கழிந்து ஐந்தாம் ஞாயிறு. இந்த வருஷம் அது நாளைக்கு.

க்ளிஃப் அந்த ஊருக்கு ஒரே ஒரு தடவை போயிருந்தார், ஓர் ஆகஸ்டு மாதச் செவ்வாய்க்கிழமை. பதிவேட்டைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பஸ் பிடித்து வந்துவிட்டார். அந்த ஞாயிறாக இருந்திருந்தால் என்று நினைத்தபடியே கார் சாவியை எடுத்து வைத்தாள்.

விடிந்ததும் காரை எடுத்தாள். ஹம்பர் பாலத்தைத் தாண்டி, குன்றுகளுக்குள் வளைந்து போகும் ஒற்றைச் சாலையில் ஒரு வண்டிகூட எதிரே வரவில்லை. ஸ்கெல்பி என்ற பலகையைத் தாண்டும்போது வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. தேவாலய வாசலில் இருபது இருபத்தைந்து பேர் கூடியிருந்தார்கள். மழைக்கோட்டு, சேற்றுக்குத் தோதான காலணி, கையில் பட்டை உரித்த வில்லோ மரக் கோல். ஒரு மேஜையில் டீப்பாத்திரமும் ஹாம் சாண்ட்விச்சும். பார்த்தால் பயப்பட எதுவுமே இல்லை. பயமுறுத்தும் எதையாவது பார்த்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்திருக்கும்.

நேதன் அப்பாவின் பழைய தொப்பியைப் போட்டிருந்தான். உடம்பு தேறி, முகம் சிவந்து தெளிவாக இருந்தது. அவளைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவள் அவனைக் கல்லறைச் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போய்ப் பதினொரு அட்டைகளையும் கையில் கொடுத்தாள். பொறுமையாகத்தான் படித்தான். பிறகு அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி தட்டி ஒழுங்குபண்ணித் திருப்பிக் கொடுத்தான்.

"இத்தனை வருஷத்துல பதினோரு பேரும்மா. மலைமேல நாள் முழுக்க நடந்தா யாருக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும்."

"இருபத்தேழு வயசுக்காரனுக்குமா?"

"அப்பா மாதிரியே பேச ஆரம்பிச்சிட்ட. அவரு குண்டூசில பார்த்தாரு, நீ தேதில பார்க்கிற." சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னான்: "இங்க வந்தப்புறம்தாம்மா நான் ராத்திரி தூங்குறேன். இதைக் கெடுக்காத."

அதற்குள் தேவாலயப் பொறுப்பாளர் டொராத்தி லேமிங் இரண்டு கோப்பை டீயோடு வந்தார். எழுபது வயதிருக்கும், பூப்போட்ட ஸ்கார்ஃப், மாசுமருவில்லாத கனிவு. நேதன் டீயை வாங்கிக்கொண்டு வரிசையைப் பார்க்கப் போய்விட்டான். அவ்ரில் அட்டைகளை அந்த அம்மாவிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, தெரிந்தவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினார். கனடாக்காரரைத் தனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நல்ல மனுஷன், குழந்தைகளுக்கெல்லாம் மேப்பிள் மிட்டாய் கொடுத்தார் என்றார்.

அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குக் கொள்ளைநோய் வந்த கதையையும் அவரே சொன்னார், சாண்ட்விச்சுக்கு ஈ வராமல் கையால் விசிறிக்கொண்டே. நோய் அடுத்த ஊருக்குப் பரவக்கூடாது என்று ஊரே எல்லைக்கல்லில் கைவைத்து, யாரும் தாண்டுவதில்லை என்று சத்தியம் செய்தது. அறுபது பேர் உள்ளேயே கிடந்து செத்தார்கள். ஒருவன் மட்டும் தாண்டிப் போய்விட்டான். போன இடத்தில் அவனுக்கு இந்த ஊரின் பெயர் வந்தது. பிழைத்த நாலைந்து வீட்டுக்காரர்கள் மறுவருஷம் எல்லை நடந்தபோது, அவன் இடத்தை விட்டுவிட்டு நடந்தார்கள். அன்றிலிருந்து அப்படித்தான்.

"நாங்க யாரையும் எதுவும் பண்றதில்லம்மா," என்றார் டொராத்தி. "அவங்களா வர்றாங்க. வந்தா அவங்க இடம் இருக்கு. அவ்வளவுதான்."

"அவன் என் ஒரே பிள்ளை."

"தெரியும்மா. ரொம்ப நல்ல பையன்." அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கை சூடாக இருந்தது.

நடப்பதற்கு முன் எல்லோரும் டீ குடிப்பது வழக்கம். மேஜையில் வரிசைப்படி கோப்பைகளை வைத்தார்கள். மில் வீட்டுக் கோப்பைக்கும் கொல்லன் வீட்டுக் கோப்பைக்கும் நடுவில் ஒன்று, காதில் கீறல் விட்ட பழைய கோப்பை. அதிலும் நிறைய ஊற்றினார்கள். நேதனுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இது அவனுக்கு இல்லை. அவ்ரில் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிரியார் ஜெபம் சொன்னபோது அரை நிமிஷம்தான் தலையைக் குனிந்தாள். நிமிர்ந்தபோது கோப்பை காலி. அடியில் தேயிலைத்தூள் மட்டும் ஒட்டியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு பெண் வந்து, வேறெந்தக் கோப்பையையும் எடுப்பது போல அதையும் எடுத்து வாளியில் போட்டாள்.

வரிசை நின்றுவிட்டது. மில் வீட்டு ஆள், அவர் பின்னால் வெற்றிடம், அதற்குப் பின்னால் கொல்லன் வீட்டுப் பெண். அந்த இடத்துப் புல் பனியில் நனைந்து நீளமாக நின்றது. அவ்ரில் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, இரண்டு பாதம் அளவுக்குப் புல் மெதுவாகப் படிந்தது. காலை மாற்றி வைத்துக்கொள்ளும் மனிதனின் எடை போலக் கொஞ்சம் நிமிர்ந்தது, திரும்பப் படிந்தது. கொல்லன் வீட்டுப் பெண் அரை அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள், நெரிசலில் இடம் விடுகிறவள் மாதிரி. நேதன் கோலைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை நோக்கிச் சந்தோஷமாக நடந்தான்.

முப்பத்துநாலு வயது ஆண்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக முடியாது. கெஞ்சியாயிற்று, அட்டையைக் காட்டியாயிற்று. சாவைச் சொன்னால் அவன் பயப்படப் போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த உலகத்தில் அவன் கையில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, அந்தப் பெயர். அதைத்தான் அவள் பிடுங்கியாக வேண்டும்.

"நேதன்," என்றாள். ஊரே திரும்பிப் பார்த்தது. "அது உன் இடம் இல்ல. நீ க்ளிஃப் பிள்ளை இல்ல."

அவன் நின்றான்.

"என்கூட வேலை பார்த்த டெரெக் இருந்தாருல்ல. அவரோட பிள்ளை நீ. உங்கப்பா போற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

பாவம் டெரெக். பைப்புப் புகையும் இருமலுமாக, எந்தப் பெண்ணையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷன். 1980-லேயே செத்தும் போயிருந்தார். முப்பத்தாறு வருஷ மணவாழ்க்கையில் அவ்ரில் க்ளிஃபைத் தவிர வேறு ஆணின் விரலைக்கூடத் தொட்டதில்லை. அவ்வளவு பெரிய பொய்யை, அத்தனை பேர் முன்னால், குரல் உடையாமல் சொன்னாள். முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த இடத்தின் பெயரையே அதற்கு இழுத்துக்கொண்டாள்.

நேதன் முகம் வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள். கேள்வி கேட்பான், கத்துவான் என்று நினைத்தாள். அவனோ ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினான். வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், தப்பான கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டவன் மாதிரி. தொப்பியைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தான். தன் வேனில் ஏறிக் கிளம்பினான். குன்று வளைவில் வேன் எல்லைக்கல்லைத் தாண்டி மறைகிற வரை அவ்ரில் மூச்சு விடவில்லை.

வரிசை நகர்ந்தது. நடுவே அந்த இடைவெளியும் நகர்ந்தது. டொராத்தி மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கினார்.

"நல்ல அம்மாம்மா நீங்க," என்றார். "எதுவும் தப்பா நினைக்கல. ஊருக்கு ஒண்ணும் அவசரம் இல்ல." ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு, தன் வீட்டுக்குரிய இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

நேதன் வீட்டைக் காலி செய்துவிட்டு லீட்ஸுக்கே திரும்பிவிட்டதாக வேறு யாரோ சொல்லித்தான் அவ்ரிலுக்குத் தெரிந்தது. கோடை போனது, கிறிஸ்துமஸும் போனது. அவள் எழுதிய ஏழு கடிதங்களும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. உறைமேல் இருந்த கையெழுத்து அவனுடையதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எழுதுகிறதுக்குக் கை இருக்கிறது, ஆள் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். அழுதாலும் அந்த ஒரு நினைப்பில்தான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

அடுத்த ஏப்ரலில், ஒரு ஞாயிறு மதியம் போன் அடித்தது.

நேதன்தான். குரல் மெலிந்திருந்தது. வேலைக்குப் போவதில்லை என்றான், எதிலும் மனசு நிற்கவில்லை என்றான். எந்நேரமும் அந்த ஊர்தான் கண்ணுக்குள் நிற்கிறது, மூக்கில்கூட அந்த ஈரப் புல் வாசனைதான் என்றான். மே எட்டாம் தேதி எல்லை நடை. லேமிங் அம்மா கடிதம் போட்டிருக்கிறார். நீ யார் பிள்ளையாக இருந்தாலும் டீக்கு வா, ஆனால் அந்த இடம் பெயர்க்காரருக்கு மட்டும்தான், மன்னித்துக்கொள் என்று எழுதியிருக்கிறாராம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேம்மா," என்றான். "அன்னைக்கு நீ பயத்துல பொய் சொன்னேன்னு சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து உன் மடியில படுத்து அழுதுட்டு, ஒரே ஒரு தடவை அப்பாவுக்காக நடந்துட்டு வந்துடுறேன்."

அவ்ரில் சுவரில் சாய்ந்துகொண்டாள். பதினோரு மாதமாக அவன் வாயிலிருந்து வராத 'அம்மா'. பொய் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், நாளைக்கே வாசலில் வந்து நிற்பான். மூன்று வாரம் கூட இருப்பான்.

"பொய் இல்லப்பா," என்றாள்.

அந்தப் பக்கம் ரிசீவரைக் கை மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அந்தக் கணத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. ஏமாந்துபோன அந்த நல்ல மனுஷனுக்காக இவன் உருகுவான். ரத்தம் இல்லாவிட்டால் என்ன, என்னை வளர்த்தவர் என்று பெயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யார் தடுத்தாலும் அந்த இடத்தில் போய் நிற்பான். அப்பாவையும் பிடுங்காமல் விட்டால் எல்லாம் வீண். மழையில் மண்டியிட்டு யார் யார் கல்லறையையோ துடைத்த க்ளிஃப், இவன் பிறந்த அன்று துறைமுகத்தில் எல்லோருக்கும் பீர் வாங்கிக்கொடுத்த க்ளிஃப், அவளுக்குள் ஒரு தடவை வந்து போனார்.

"தெரியும்," என்றாள். "தெரிஞ்சதுனாலதான் அந்தப் பேரைத் தேடிக்கிட்டு ஊர் ஊராப் போனாரு. வீட்ல இருந்து உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கல அவருக்கு."

போன் மறுமுனையில் மெதுவாக வைக்கப்பட்டது.

மே எட்டாம் தேதி நேதன் ஸ்கெல்பிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஹல்லுக்கும் வரவில்லை.